ஒத்திகைத் திருடன்

என் கடைக்கு அவர் ஸ்வெட்டர் வாங்க இரண்டு முறை வந்தார். முதல் முறை வந்தது ஒத்திகை.

சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தார். விலை கேட்டார், சொன்னேன். குறைக்கச் சொன்னார். நானும் வழக்கம்போல் குலதெய்வத்தின் மேல் ஒரு சத்தியத்தைப் போட்டுவிட்டுக் குறைத்தேன். என் வியாபாரத்தில் அந்தத் தெய்வம் பட்ட பாடு தனிக்கதை. சரிங்க என்று ஸ்வெட்டரை மடித்து வைத்துவிட்டு வெறுங்கையோடு போய்விட்டார். மறுநாள் அதே நேரத்துக்கு வந்தார். அதே ஸ்வெட்டரை அதே மாதிரி விரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்ல வேண்டிய விலையையும் அவரே சொல்லி, என் சத்தியத்தையும் அவரே செய்து, குறைத்த பணத்தை மேசையில் வைத்தார்.

"நேத்து பாத்து வெச்சதுனால இன்னைக்கு எத்தனை சுளுவா முடிஞ்சுது பாத்தீங்களா மொதலாளி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏற்காடு போலீஸ் ஸ்டேஷனில் அப்போது அவர் ஏட்டு. பெயரைச் சட்டையில் குத்தியிருந்தாலும் யாரும் அதைப் படித்ததாக நினைவில்லை. ஏட்டய்யா என்றால் அவர்தான். செல்போன்கள் இன்னும் மலையேறாத காலம். நான் சேலத்து வெயிலில் பிறந்து, கம்பளி பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும் ஜாதகத்தோடு, ஏற்காட்டு பஜாரில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் விற்றுக்கொண்டிருந்தேன். மே மாதத்தில் வியர்த்துக்கொண்டே மலைக்கு வருகிறவர்களிடம், "சாயங்காலம் பாருங்க, பல்லு கிட்டிப் போகும்" என்று பயமுறுத்துவது என் தொழில். ஆக, வராத ஆபத்தைக் காட்டிப் பிழைத்தவர்கள் அந்த பஜாரில் நாங்கள் இரண்டு பேர். அவருக்கு மட்டும் காக்கி கொடுத்திருந்தார்கள்.

அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. யாரையும் அடித்ததாகவும் தகவல் இல்லை. பெரியவர்களுக்கு '-ங்க' இல்லாமல் ஒரு சொல் வராது, சின்னவர்களைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். ஒத்திகை பார்க்காத காரியம், கண்ணைக் கட்டிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்குவது போல என்பார். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று, "இப்ப இந்த அடுப்பு வெடிக்குதுங்க. நீங்க எந்தப் பக்கம் போவீங்க?" என்று கேட்பார். வடையை வாயில் வைத்திருக்கும் மனிதன் என்ன பதில் சொல்வான். வடையோடு போவேன் என்று நான் சொன்னதற்கு, மெய்யாகவே யோசித்துவிட்டு, "செரிதானுங்க, கை ரெண்டும் சும்மா இருக்கோணும், வாயில வெச்சுக்கறதுதான் நல்லது" என்றார்.

சும்மா சொல்லக் கூடாது. ஒரு மழைக்காலத்தில் சேலத்திலிருந்து ஏறிய பஸ் வளைவில் பின்வாங்கிச் சக்கரம் பள்ளத்தில் தொங்கியபோது, உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தார்கள். அதற்கு முந்தின மாதம்தான் ஜீப் டிரைவர்களைக் கூட்டிவைத்து, பஸ் தொங்கினால் கயிறு யார் கையில், கல் யார் கையில் என்று ஓட்டிப் பார்த்திருந்தார். அன்று அவருக்கு மாலை போட்டோம். மாலைக்கும் முந்தினநாள் கழுத்தைக் குனித்துப் பார்த்திருப்பார் என்று நான் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அவர் மனைவி ஒருநாள் என் மனைவியிடம் மனம்விட்டுப் பேசியிருக்கிறார். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவ்வப்போது இவர் கேட்பாராம்: "இப்ப நான் டூட்டியில செத்துப் போயிட்டேன். ஆள் வந்து கதவைத் தட்டுறான். நீ என்ன பண்ணுவே?" அந்த அம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்து, முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும், பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும்.

"அழுகறதும் உண்டாமா?" என்று கேட்டேன்.

"உண்டாமாங்க. ஆனா இப்பெல்லாம் அழுகை வர்றதில்லையாமா. பழகிப் போச்சாம்" என்றாள் என் மனைவி.

நான் சிரித்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்படிப்பட்ட மனிதர் கையில்தான் அரசாங்கம் குற்றத் தடுப்புக்கென்று ஒரு மானியத்தைக் கொண்டுவந்து கொடுத்தது.

அதற்கு முன்னால் ஏற்காட்டில் குற்றம் என்று பெரிதாக என்ன இருந்தது? டூரிஸ்ட்டுகள் குடித்துவிட்டு ஏரிக்கரையில் பாடுவார்கள். அந்தக் குரல்களுக்குச் சட்டத்தில் போதுமான தண்டனை கிடையாது. காப்பிப் பழம் சிவக்கும் பருவத்தில் எஸ்டேட் களத்திலிருந்து ஒரு மூட்டை காணாமல் போகும். மிளகுக் கொடி ஒன்றிரண்டு விடிவதற்குள் மொட்டையாகி இருக்கும். அவ்வளவுதான். மானியத்தில் விசில்கள் வந்தன, டார்ச்லைட்டுகள் வந்தன, இருட்டில் மின்னும் பட்டை தைத்த மேல்சட்டைகள் வந்தன. பொதுமக்களைச் சேர்த்து ஒரு விழிப்புக் கமிட்டி போட வேண்டும் என்று நிபந்தனையும் வந்தது. இலவசச் சட்டை என்றால் நான் இல்லாத கமிட்டி உண்டா. எனக்குக் கொடுத்ததில் பட்டன் போட்டால் மூச்சு நிற்கும், மூச்சு விட்டால் பட்டன் நிற்காது.

மானியத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அதை ஏட்டய்யாதான் எனக்கு விளக்கினார். வருஷா வருஷம் சேலத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து பார்ப்பார். இங்கே குற்றமே நடக்கவில்லை என்றால், பிறகு உங்களுக்கு எதற்கு மானியம் என்று நிறுத்திவிடுவார்கள். குற்றம் நிறைய நடந்தால், மானியத்தை வாங்கி என்ன செய்தீர்கள் என்று கேட்டு நிறுத்திவிடுவார்கள். குற்றம் நடக்கவும் வேண்டும், நடக்காமலும் இருக்க வேண்டும். மற்ற ஸ்டேஷன்காரர்கள் இதை நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் பிறந்ததிலிருந்து இதற்காகவே காத்திருந்தவர்போல இருந்தார். அவர் கண்டுபிடித்த வழி, அதிகாரி முன்னால் ஒரு திருட்டு ஒத்திகை.

திருடனுக்குக் குரங்குக் குல்லா வேண்டுமென்று கடைக்கு வந்தார். வாடகை கேட்டேன். ஆளையே வாடகையில்லாமல் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாகலூர் பக்கம் ஓர் எஸ்டேட்டின் காப்பிக் களத்தில் ஒத்திகை நடந்தது. களத்தில் சாக்கு மூட்டை இருக்கும். நான் அதைத் தூக்க வேண்டும். விசில் கேட்டதும் போட்டுவிட்டு ஓட வேண்டும். எந்தப் பக்கம் என்று கேட்டேன். "அதை நான் சொல்லக்கூடாதுங்க. உங்களுக்கு எந்தப் பக்கம் தோணுதோ அந்தப் பக்கம் ஓடுங்க" என்றார். ஓடினேன். குல்லா கண்ணை மறைத்துவிட்டதால் நேராக அதிகாரியின் நாற்காலிக்கே போய், அவர் மடியில் உட்காராத குறையாக நின்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அடுத்த வருஷம் டீக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூட்டத்துக்குள் புகுந்து, அங்கிருந்து காப்பித் தோல் கொட்டும் குழிக்குள் விழுந்தேன். அந்த நாற்றத்தோடு என் மனைவி என்னை வீட்டுக்குள் விடவில்லை. மலை முழுக்க என் புகழ் பரவியது.

மூன்றாம் வருஷம் எனக்கு வேஷம் கிடைக்கவில்லை. "எல்லாருக்கும் சிரிப்பு வந்துருதுங்க மொதலாளி" என்றார் ஏட்டய்யா. "சிரிச்சா மானியம் நெலைக்காதுங்க. பாக்கறவங்களுக்குப் பயம் வரோணும்."

அவர் தேர்ந்தெடுத்தவன் வெள்ளையன். நாகலூருக்குக் கீழே ஒரு மலைக் கிராமத்துக்காரன், இளவட்டம். கொஞ்சம் சாமை விளையும் நிலமும் நாலு மிளகுக் கொடியும் சொந்தம். பருவத்துக்கு எஸ்டேட்டில் பழம் பறிக்க வருவான். பஜாரிலிருந்து புறப்பட்டுவிட்ட கடைசி பஸ்ஸை அவன் துரத்திப் பிடித்ததை ஏட்டய்யா பார்த்திருந்தார். அது போதுமாயிருந்தது. நான் ஆசைப்பட்டு வாங்கிய வேஷத்தை அவன் கையைக் கட்டிக்கொண்டு வாங்கினான். போலீஸ் கேட்டு மலைக்காரன் எப்போது மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான்.

வேலை முடிந்த சாயங்காலங்களில் களத்தில் பழக்கினார். ஒருநாள் நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். விசில் ஊதுவார், வெள்ளையன் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடுவான். "திரும்பிப் பாக்கக் கூடாது கண்ணு" என்பார். "திருடன் நின்னு யோசனை பண்ணுவானா? சத்தம் கேட்டதும் காலு போகோணும். உனக்கு முன்னால உன் காலு போகோணும். எங்கே, இன்னொருக்கா ஓடு கண்ணு." அவனும் ஓடுவான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எப்போதும் ஒரே பக்கம்: களத்தின் ஓரமாக, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் புகுந்து, ஓடைக்கு மேலே போட்ட கல்பாலத்துக்கு. கமிட்டி ஆட்கள் அங்கே கையை விரித்து நிற்பார்கள். பிடித்ததும் அவன் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்ட வேண்டும், கயிறு போட வசதியாக. சில நாட்களில் அவன் திரும்பிப் பார்ப்பது நின்றுவிட்டது.

அதிகாரி வந்த அன்று யாரும் சிரிக்கவில்லை. விசில் கேட்டதும் அவன் முகத்தில் வந்த பயத்தைப் பார்த்து முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். ஒத்திகை முடிந்து டீ கொடுத்தபோது வெள்ளையன் டம்ளரை வாங்கிக்கொண்டு நாற்காலிகளை விட்டுத் தள்ளிப் போய் நின்றான். உன் நடிப்புக்கு சேலத்து ட்ராமாக் கம்பெனிக்காரன் வந்து கூட்டிக்கொண்டு போவான் என்று அவனைச் சீண்டிப் பார்த்தேன். அவன் டீயைக் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தான். பக்கத்தில் வந்து நின்ற ஏட்டய்யா, "நீங்க ஓடும்போது சிரிச்சுக்கிட்டே ஓடுனீங்க. இவன் சிரிக்கலீங்க" என்றார். நடிப்பைப் பாராட்டுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டேன். எனக்கு வேஷம் போன வருத்தம் வேறு.

அந்தப் பருவத்திலேயே அதே எஸ்டேட்டின் கோடவுனிலிருந்து மிளகு மூட்டைகள் காணாமல் போயின. பூட்டு உடையவில்லை. மானேஜர் சேலத்துக்கு போன் போட்டார். சேலத்திலிருந்து ஸ்டேஷனுக்கு போன் வந்தது: மானியம் வாங்கி விசில் ஊதிக்கொண்டு இருக்கிறீர்களா என்று. இன்ஸ்பெக்டர் கத்தினார். ஏட்டய்யா மட்டும் பதறவில்லை. "வழி எனக்குத் தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டுக் கமிட்டியைக் கூட்டினார்.

சாயங்காலம், பனி இறங்கிக்கொண்டிருந்தது. பட்டன் போடாத மேல்சட்டையோடு நான் கல்பாலத்தில் மற்றவர்களோடு நின்றேன். யாருக்காக நிற்கிறோம் என்று ஏட்டய்யா சொல்லவில்லை. பறித்த பழத்தை எடை போட்டுவிட்டு ஆட்கள் கும்பலாகப் பேசிக்கொண்டு மேல்பாதையில் போனார்கள். கொஞ்சம் பின்னால், களத்து ஓரமாக, தோளில் ஒரு பையோடு வெள்ளையன் தனியாக வந்தான்.

மேலே விசில் ஊதியது.

அவன் பையைப் போட்டான். ஓடினான். திரும்பிப் பார்க்கவில்லை. அதே மரங்களுக்கு நடுவில், அதே திருப்பத்தில் திரும்பி, எங்கள் விரித்த கைகளுக்குள் வந்து விழுந்தான். விழுந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டே, பழகினபடி இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான். அதன் பிறகுதான் எங்கள் முகங்களைப் பார்த்தான். சுற்றிலும் நாற்காலி இல்லை, அதிகாரி இல்லை, கைதட்டு இல்லை. "இன்னைக்கும் இருக்குதுங்களா?" என்று என்னிடம் கேட்டான்.

நான் அவன் போட்டுவிட்டு வந்த பையை எடுக்கப் போனேன்.

பையில் ரேஷன் அரிசி இருந்தது. மறுநாள் காலையில் கடையைக்கூடத் திறக்காமல் ஸ்டேஷனுக்குப் போனேன். வாசலில் வெள்ளையனின் மனைவி குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஏட்டய்யா எனக்கு நாற்காலி போட்டார்.

"ஏட்டய்யா, பையில அரிசிதானுங்க இருந்துது."

"ஆமாங்க."

"அப்புறம் எதுக்குங்க அவனை உள்ள வெச்சிருக்கீங்க?"

"ஓடுனானுங்களே."

"விசில் கேட்டா ஓடோணும்னு நீங்கதானுங்க பழக்குனீங்க. எனக்கே உங்க விசில் கேட்டா இன்னும் காலு பரபரங்குது."

"ஆனா நீங்க ஓடலீங்களே. அதே விசில்தானுங்க உங்க காதுலயும் உழுந்துது." சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, கணக்கு வாத்தியார் போலப் பொறுமையாகச் சொன்னார்: "ரெண்டு வருசம் உங்களை ஓட உட்டுப் பாத்தேனுங்க மொதலாளி. ரெண்டு தடவையும் நீங்க ஆளுங்க இருக்கற பக்கம் ஓடுனீங்க. செரி, இவரு அந்த மாதிரி இல்லைன்னு உட்டுட்டேன். இவன் காட்டுப் பக்கம் ஓடுறானுங்க. ஒருக்கா இல்லீங்க, ஒவ்வொருக்காவும்."

"அந்தப் பக்கந்தானுங்க அவன் ஊடு இருக்குது."

அதற்குத் தலையாட்டினார். பிறகு, "அதையும் பாத்து வெச்சிருக்கேனுங்க" என்றார்.

மலை முழுக்கச் சிரிக்க வைத்த என்னுடைய இரண்டு ஓட்டங்களையும் அந்த மனிதர் என்னவாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அந்த நாற்காலியில்தான் எனக்கு உறைத்தது. குல்லா மட்டும் கண்ணை மறைக்காமல், நான் பாட்டுக்கு மரங்களுக்கு நடுவில் ஓடியிருந்தால்? என் கௌரவத்தைக் காப்பாற்றாத குல்லா என்னைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த ரகக் குல்லாவை அதற்குப் பிறகு நான் பேரம் பேசி விற்றதில்லை.

வெளியே வந்தபோது வெள்ளையனின் மனைவி எழுந்தாள். அடித்தார்களா என்று கேட்டேன். "இல்லீங்க" என்றாள். "அய்யா சோறு வாங்கிக் குடுத்து, சாப்புடு கண்ணுங்கறாரு. எனக்கு பஸ்ஸுக்குக் காசு குடுக்கறாரு. கோவமா இருந்தாக்கூட என்னைக்காச்சும் தணியுமுன்னு இருக்கலாமுங்க. இவரு கோவமே படலீங்களே."

மிளகைத் திருடியது கோடவுன் சாவி வைத்திருந்தவரின் மச்சான். லாரியோடு அடிவாரத்தில் பிடிபட்டான். அதற்குள் பறிப்புப் பருவம் முடிந்து, வெள்ளையனுக்கு அந்த வருஷத்துக் கூலி போயிருந்தது. அவனை விட்ட அன்று ஏட்டய்யாவே பஸ் ஏற்றிவிட்டார். நான் ஏட்டய்யாவை விடவில்லை, பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்துக் கேட்டேன். இப்போதாவது தெரிந்ததா, அவன் எடுக்கவில்லை என்று.

"எடுக்கலீங்க. உள்ள இருந்தான், எடுக்கல" என்றார். "இதுக்குப் பேருதானுங்க தடுப்பு."

சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார். கேலி இல்லை. நல்ல செய்தியைப் பகிர்ந்துகொள்கிற மனிதரின் முகம்.

துரித நடவடிக்கை என்று மேலிடத்தில் பாராட்டினார்கள். மானியம் அடுத்த வருஷமும் வந்தது. கூடவே ஒரு மைக் செட்டும் வந்தது. ஒத்திகை நெருங்கியபோது வெள்ளையனின் மனைவி குழந்தைக்குக் குல்லா வாங்கக் கடைக்கு வந்தாள். ஏட்டய்யா அவர்கள் வீட்டுக்கே போய், வாசலில் உட்கார்ந்து, போட்ட சாமைச் சோற்றை நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, இந்த வருஷமும் நீதான் ஓட வேண்டும் கண்ணு என்று கேட்டிருக்கிறார். வெள்ளையன் வருகிறேன் என்று சொல்லிவிட்டானாம்.

"போகலைன்னா என்னன்னு நெனைப்பாருங்க? போனா என்னன்னு நெனைப்பாருங்க?" என்றாள். "ஊட்டுல அன்னைக்கிலிருந்து இதே பேச்சுத்தானுங்க."

அன்று சாயங்காலமே ஸ்டேஷனுக்குப் போய், திருடன் வேஷத்தை எனக்கே திருப்பித் தரும்படி கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "உங்களுக்கு வயசாயிருச்சுங்க மொதலாளி. உங்களைப் பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு" என்றார்.

களத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சேலத்து அதிகாரி வந்திருந்தார். மைக்கில் வரவேற்புரை முடிந்தது. வெள்ளையன் களத்துக்கு நடுவில் போய்ச் சாக்கு மூட்டையைத் தோளில் தூக்கினான். ஏட்டய்யா விசிலை ஊதினார்.

வெள்ளையன் நின்றான்.

மறுபடி ஊதினார். அவன் நின்ற இடத்திலேயே நின்றான். வேட்டிக்குக் கீழே அவன் கெண்டைக்கால்கள் துடிப்பது என் இடத்திலிருந்தே தெரிந்தது. ஓடுவதற்கு அத்தனை பலம் தேவைப்பட்டிருக்காது; ஓடாமல் நிற்பதற்குத் தேவைப்பட்டது. மூன்றாவது முறை விசில் நீளமாகக் கேட்டது.  அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார்.

எனக்கு வேறு எதுவும் தெரியாது. தெரிந்த ஒன்றைச் செய்தேன். பக்கத்தில் கிடந்த காலிச் சாக்கை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, ஐயோ திருடன் என்று நானே கத்திக்கொண்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்து ஓடினேன். மைக் ஒயர் காலில் சிக்கி, மைக்கோடு சேர்ந்து விழுந்தேன். விழுந்த சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. அதிகாரி நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அப்பாடா, விஷயம் சிரிப்பில் கரைந்தது என்று நினைத்தபடி முழங்கால் எரிச்சலோடு கிடந்தேன்.

ஏட்டய்யா வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். என் சட்டையிலிருந்த மண்ணைப் பதமாகத் தட்டிவிட்டார். அடி ஏதும் இல்லையே என்று கேட்டார். கேட்கும்போதே அவர் பார்வை களத்து நடுவில் இருந்தது. அங்கே வெள்ளையன் மூட்டையைக்கூட இறக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

"போன வருசம் ஓடுனவன் இந்த வருசம் நிக்கறானுங்க" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "என்னமோ யோசனை பண்ணிட்டானுங்க மொதலாளி."

பிறகு, சிரித்துக்கொண்டிருந்த கமிட்டி ஆட்களில் இரண்டு பேரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, ஒத்திகை முடிந்ததும் கல்பாலத்தில் போய் நிற்கச் சொன்னார்.